பழைய துவக்கும் பீரங்கியும்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய துவக்கு (துப்பாக்கி), பீரங்கி, கோட்டை என்று திரிகிறவர்களிடம் ஊரில் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. சிலவற்றுக்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது, சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

துவக்கு சேகரிக்கிறீர்கள் என்றால் வீட்டில் துவக்கு வைத்திருக்கிறீர்களா?

இல்லை. இங்கே இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களில் பலர் ஒரு துவக்கைக்கூடச் சொந்தமாக வைத்திருந்ததில்லை. சேகரிப்பது படங்கள், அளவுகள், குழலில் உள்ள முத்திரைகளின் நகல்கள், பழைய அனுமதிப் பத்திரங்கள், கடைகளின் விலைப்பட்டியல்கள், பெரியவர்கள் சொல்லும் கதைகள். ஒரு துவக்கு எந்த ஊரில் செய்யப்பட்டது, எந்தப் படையோடு வந்தது, எப்படி இங்கே தங்கியது என்று கண்டுபிடிப்பதில்தான் ருசி இருக்கிறது. வாங்கிச் சுவரில் மாட்ட ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கு இந்த நாட்டில் ஏமாற்றம்தான். அதற்கான காரணம் சட்டம் பற்றிய கேள்வியில் வருகிறது.

இதற்குத் திருகோணமலை ஏன் நல்ல இடம்?

துறைமுகம்தான் காரணம். அதை யார் வைத்திருப்பது என்று சண்டை பிடித்தவர்கள் எல்லோரும் தங்கள் துவக்கையும் பீரங்கியையும் கொண்டுவந்தார்கள். போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே 1624 அளவில் கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். 1672இல் பிரான்சியர் வந்து கொஞ்ச நாள் தொல்லை கொடுத்துவிட்டுப் போனார்கள். பிறகு வந்தது 1782. ஜனவரியில் பிரித்தானியர் ஒல்லாந்தரிடம் இருந்து பறித்தார்கள். ஓகஸ்ட் முடிவில் பிரான்சிய அட்மிரல் சஃப்ரன் அவர்களிடம் இருந்து பறித்தார். செப்டெம்பர் 3ஆம் திகதி இரண்டு கடற்படைகளும் வெளியே கடலில் மோதிக்கொண்டன. ஒரே ஆண்டில் மூன்று கொடி! அதன்பின் கோட்டை ஒல்லாந்தருக்குத் திரும்பக் கிடைத்து, 1795 ஓகஸ்டில் மறுபடி பிரித்தானியரிடம் போனது. அவர்கள் 1957 வரை கடற்படைத் தளத்தை வைத்திருந்தார்கள்.

ஆகவே திரியால் வெடிக்கும் துவக்கு முதல் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்களை நோக்கிச் சுட்ட பீரங்கி வரை, முந்நூறு வருட ஆயுத வரலாறு ஒரே குடாவைச் சுற்றிக் கிடக்கிறது. இதை வெளிநாட்டுக்காரர் வந்து சொன்ன பிறகுதான் நாங்கள் திரும்பிப் பார்க்கிறோம் என்பது வேறு கதை.

எங்கே போய்ப் பார்க்கலாம்?

மேலே சொன்ன போர்த்துக்கேயர் கோட்டைக்கு இன்றைய பெயர் பிரெட்றிக் கோட்டை. கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியே அதற்கு உள்ளால்தான். மான்களைப் பார்க்கிற நேரத்தில் பாதி மதில் பக்கமும் கண்ணை விடுங்கள். கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. பாதையை விட்டு விலகவோ படம் எடுக்கவோ முதலில் கேளுங்கள், கேட்டால் பெரும்பாலும் மரியாதையாகவே பதில் வரும். உட்துறைமுக வீதியில் பழைய ஒல்லாந்தர் கட்டிடத்தில் கடல்சார் நூதனசாலை இருக்கிறது. ஒஸ்டன்பேர்க் மேட்டில் கடற்படையின் ஹூட்ஸ் டவர் நூதனசாலையும் கரையோரப் பீரங்கி நிலைகளும் உள்ளன. அது கடற்படைத் தளத்துக்குள் என்பதால் அனுமதி பெற்றே போக வேண்டும். உவர்மலையில் இராணுவ நூதனசாலை. கண்டிக் காலத்துத் துவக்குகளுக்குக் கொழும்புத் தேசிய நூதனசாலைக்குத்தான் போக வேண்டும்.

பீரங்கியில் இருக்கும் எழுத்தையும் எண்ணையும் எப்படி வாசிப்பது?

புதிதாக வருகிறவர்கள் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். பீரங்கிக்கு அனுமதிப் பத்திரம் தேவையில்லை (பார்ப்பதற்குச் சொல்கிறேன்), களவு போகாது, அவசரப்படுத்தாது.

முதலில் மேல்பக்கம். கிரீடமும் அதன்கீழ் ஜி.ஆர். என்ற பின்னல் எழுத்தும், நடுவே 3 என்ற எண்ணும் இருந்தால் மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் காலம், அதாவது 1760 முதல் 1820 வரை. வி.ஆர். என்றால் விக்டோரியா, 1837 முதல் 1901 வரை. மூன்று கோடு சேர்ந்த அம்புக்குறி பிரித்தானிய அரசுச் சொத்து என்பதற்கான அடையாளம். வி என்ற பெரிய எழுத்தின் இரண்டு கால்களிலும் ஓ, சி என்ற எழுத்துகள் தொங்கினால் அது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி. 1602இல் தொடங்கி 1799இல் முடிந்துபோன கம்பனி. அந்த முத்திரைக்கு மேலே ஓர் எழுத்து இருந்தால் எந்த நகரக் கிளை என்று தெரியும்: ஏ ஆம்ஸ்டர்டாம், ஆர் ரொட்டர்டாம், டி டெல்ஃப்ட், எச் ஹோர்ன், ஈ எங்க்ஹாய்சன்.

அடுத்தது பின்பக்கம் வெட்டியிருக்கும் மூன்று எண்கள். பலர் இதை ஆண்டு என்றோ தொடர் எண் என்றோ நினைத்துக் குழம்புகிறார்கள். பிரித்தானியப் பீரங்கியில் அது எடை. முதல் எண் அந்தர் (112 இறாத்தல்), இரண்டாவது கால் அந்தர் (28 இறாத்தல்), மூன்றாவது மிச்ச இறாத்தல். 32-2-14 என்று இருந்தால் 3584, 56, 14 மூன்றையும் கூட்டி 3654 இறாத்தல், கிட்டத்தட்ட 1657 கிலோ. எங்கள் தாத்தாமார் அந்தர்க் கணக்கில் நெல் விற்றவர்கள், இதை அவர்களிடம் கொடுத்தால் கடதாசி இல்லாமலே சொல்லிவிடுவார்கள்.

கடைசியாக வாய். குறுக்களவு 11.8 சென்ரிமீற்றர் அளவில் இருந்தால் 12 இறாத்தல் குண்டு, 13.4 என்றால் 18 இறாத்தல், 14.8 என்றால் 24 இறாத்தல். கறள் தின்ற வாய் கொஞ்சம் பெருத்துத்தான் இருக்கும், அதனால் இரண்டு மூன்று இடத்தில் அளந்து சிறிய அளவை நம்புங்கள். ஒல்லாந்தரின் இறாத்தல் வேறு, பிரான்சியரின் இறாத்தல் வேறு என்பதால் அவர்களுடைய பீரங்கிக்கு இந்த அளவுகள் அப்படியே பொருந்தாது. பீரங்கியை வண்டியில் தாங்குவதற்கு இருபக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் முளைகளின் முகத்தையும் பாருங்கள். ஸ்கொட்லாந்தின் கரன் வார்ப்பகம் தன் பெயர், எண், ஆண்டு எல்லாவற்றையும் அங்கேதான் போடும்.

கைத்துவக்குகளில் வகை பிரிப்பது எப்படி?

குழலைப் பார்க்காதீர்கள், மருந்தில் நெருப்பு எப்படிப் பிடிக்கிறது என்பதைப் பாருங்கள்.

எரியும் திரியை ஒரு கொக்கி கவ்விக்கொண்டு வந்து மருந்தில் தொட்டால் அது திரித்துவக்கு. போர்த்துக்கேயர் கோவாவில் செய்வித்தது இந்த வகை. 1543இல் யப்பானுக்குப் போய் அங்கே ஒரு பெரிய துவக்குத் தொழிலையே தொடக்கியதும் இதன் உறவுக்காரன்தான். எங்கள் மாரிக்கும் திரிக்கும் ஒத்துவராது. கார்த்திகை மார்கழியில் திருமலையில் ஈரமில்லாத திரி வைத்திருப்பது எவ்வளவு பாடாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தீக்கல் இரும்பில் உரசிப் பொறி பறந்தால் கல்துவக்கு. 1782இலும் 1795இலும் இங்கே சண்டை பிடித்த எல்லோர் கையிலும் இதுதான். பிரித்தானியரின் பிரவுன் பெஸ் குழல் முக்கால் அங்குலம், ஏறத்தாழ 19 மில்லிமீற்றர். பிரான்சியரின் ஷாலவில் வகை 17.5 மில்லிமீற்றர். நெருப்புப் பிடிக்க வைக்கும் பொறிமுறையைத் தாங்கும் பக்கத் தகட்டில் டவர் என்று எழுதியிருந்தால் பிரித்தானிய அரசுப் படை. இதய வடிவத்துக்குள் எழுத்துகளும் மேலே 4 போன்ற ஒரு குறியும் இருந்தால் பிரித்தானியக் கிழக்கிந்தியக் கம்பனி. அந்தக் கம்பனி 1808 முதல் இதயத்தை விட்டு, பின்காலில் நிற்கும் சிங்கத்துக்கு மாறியது. ஆக, இதயமா சிங்கமா என்ற ஒரு கேள்வியிலேயே 1808க்கு முந்தியதா பிந்தியதா என்று தெரிந்துவிடும்.

சின்னச் செப்புத் தொப்பியைச் சுத்தியல் அடித்தால் தொப்பித் துவக்கு. பிரித்தானியப் படைக்கு 1840 அளவில் வந்தது. பழைய கல்துவக்கை இப்படி மாற்றியவையும் நிறைய. தகட்டில் முன்பு மருந்துக் கிண்ணம் இருந்த இடத்தில் அடைத்த துளைகள் தெரிந்தால் மாற்றப்பட்டது என்று அர்த்தம்.

அதன்பிறகு தோட்டா. தொப்பித் துவக்கான 1853 என்ஃபீல்டைப் பின்னால் திறக்கும்படி மாற்றிய ஸ்னைடர், 1871 மார்ட்டினி ஹென்றி, அப்புறம் எல்லோருக்கும் தெரிந்த திரீ நொட் திரீ.

கண்டித் துவக்கு என்று எதை வைத்து அடையாளம் காண்பது?

நூதனசாலையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றே சொல்லிவிடலாம். ஐரோப்பியத் துவக்குகளில் சுடும் பொறிமுறை வலதுபக்கம் இருக்கும், கண்டித் துவக்கில் இடதுபக்கம். அடிக்கட்டை இரண்டாகப் பிளந்ததுபோல் இருக்கும். கட்டை முழுக்கக் கொடிவேலைச் செதுக்கு, இடையிடையே யானைத் தந்தமும் வெள்ளியும். போர்த்துக்கேயரிடம் பார்த்ததைக் கைவினைஞர்கள் தங்கள் ரசனைக்கு இழுத்துக்கொண்டார்கள். என் கணக்கில் இந்தத் தீவில் செய்யப்பட்ட ஆயுதங்களில் அழகானது இதுதான்.

1765இல் ஒல்லாந்தர் கண்டியைச் சூறையாடியபோது கொண்டுபோன பொருள்களில் ஆறு, 2023இல் நெதர்லாந்தில் இருந்து திரும்பி வந்தன. கண்டி அரசின் மாகாண அதிகாரியான லெவ்கே திசாவையின் பெயரோடு உள்ள, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த சிறு பீரங்கியும் இரண்டு பெரிய துவக்குகளும் அதில் அடக்கம். கொழும்புக்குப் போனால் பார்க்காமல் வராதீர்கள்.

தாத்தா சொட்கன்னோடு நிற்கிற படம் ஒன்று இருக்கிறது. அதில் என்ன கண்டுபிடிக்கலாம்?

நிறையவே. தம்பலகாமம், கந்தளாய், மூதூர்ப் பக்கம் வயல் வைத்திருந்த குடும்பங்களில் பன்றிக்கும் யானைக்கும் என்று அனுமதிப் பத்திரத் துவக்கு இருந்தது. அப்படிப் படங்கள் பல வீட்டில் அலுமாரிக்குள் கிடக்கின்றன.

குழல் ஒன்றா, பக்கத்தில் பக்கமாக இரண்டா என்று பாருங்கள். பின்னால் காது மாதிரி இரண்டு சுத்தியல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பழைய மாதிரி. மழுங்கலாக இருந்தால் சுத்தியல் உள்ளே போன பிந்திய மாதிரி. குழலில் பாம்புத்தோல்போல் வரி தெரிந்தால் இரும்பும் உருக்கும் முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழல். பழைய புகைமருந்துக்குச் செய்த அந்தக் குழலில் இன்றைய தோட்டாவைப் போட்டால் வெடித்துப் பிளக்கலாம். படத்தில் அதைப் பார்த்து ரசிப்பதோடு நிற்க வேண்டும்.

படத்தோடு பழைய அனுமதிப் பத்திரமும் கிடைத்தால் அதிர்ஷ்டம். செய்தவர் பெயர், எண், துளை அளவு அதில் இருக்கும். குழலுக்கு அடியில் உள்ள சோதனை முத்திரைகளை யாராவது அந்தக் காலத்தில் குறித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. பேர்மிங்ஹாம் சோதனைச்சாலை 1813இல் தொடங்கியது. குறுக்காகக் கிடக்கும் செங்கோல்கள் அதன் அடையாளம். முட்டை வடிவத்துக்குள் ஈ.எல்.ஜி. என்றால் பெல்ஜியத்தின் லீயேஜ். கடைக்காரர் இங்கிலாந்துச் சாமான் என்று விற்றவற்றில் பெல்ஜியம் கொஞ்சநஞ்சமல்ல! "குண்டுக்கு அல்ல" என்ற பொருளில் ஆங்கில வாசகம் வெட்டியிருந்தால் 1875க்கும் 1887க்கும் இடைப்பட்டது என்று துணிந்து சொல்லலாம், அந்தப் பன்னிரண்டு வருடத்தில் மட்டும்தான் அதைப் போட்டார்கள்.

அம்மம்மா, பெரியப்பா யாராவது உயிரோடு இருந்தால் படத்தை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். துவக்கின் பெயர் அவர்களுக்குத் தெரியாது. யாரிடம் வாங்கினது, எந்த மரத்தடியில் பரண் கட்டினது, எந்த வருடம் பொலிசில் ஒப்படைத்தது என்பதெல்லாம் தெரியும். எந்த முத்திரைப் புத்தகத்திலும் அது கிடைக்காது.

நூறு வருடம் பழசென்றால் அனுமதிப் பத்திரம் வேண்டாம்தானே?

இந்த நினைப்பை முதலில் விடுங்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழம்பொருள் துவக்குக்குச் சலுகை உண்டு. அமெரிக்காவில் 1898 வரை செய்தவை பழம்பொருளாகக் கணக்கு. இணையத்தில் வாசிப்பதெல்லாம் பெரும்பாலும் அந்த நாடுகளின் கதை, அதை இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது.

எங்களுக்கு 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இருக்கிறது. துவக்கு வைத்திருக்க அனுமதிப் பத்திரம் வேண்டும், ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். பயிர்க் காவலுக்கான சொட்கன் என்றால் மாவட்டச் செயலகம், அதாவது எங்கள் வாயில் கச்சேரி. பிஸ்டல், ரிவோல்வர் போன்றவற்றுக்குப் பாதுகாப்பு அமைச்சு. வெடிமருந்துக்குத் தனிச் சட்டம்.

இன்னொரு பக்கம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம். 1815 மார்ச் 2க்கு, அதாவது கண்டி ஒப்பந்த நாளுக்கு, முந்திய ஆயுதங்கள் தொல்பொருளுக்குள் வரும். தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. ஆக அந்த நாளுக்கு முந்திய ஒரு கல்துவக்கு உங்கள் கையில் வந்தால் இரண்டு சட்டமும் சேர்ந்தே வரும். இது சட்ட ஆலோசனை அல்ல, கச்சேரியிலும் திணைக்களத்திலும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

பழைய வீட்டை இடிக்கும்போது கூரைக்குள் துவக்கு ஒன்று கிடைத்தது. என்ன செய்ய?

எடுத்து ஆட்டிப் பார்க்காதீர்கள். விசையை இழுக்காதீர்கள். பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டு, அது இருந்த இடத்திலேயே படம் எடுத்து, பொலிசுக்குச் சொல்லுங்கள்.

வாய்வழி மருந்து இடிக்கிற துவக்குகளில் பலவற்றை மருந்தோடுதான் பரணில் போட்டிருப்பார்கள், அவசரத்துக்கு உதவும் என்று. பழைய கருமருந்து எத்தனை வருடம் போனாலும் உயிரோடு இருக்கக்கூடியது. நூதனசாலைக்காரர் ஒரு கம்பியைக் குழலுக்குள் விட்டு, அது போன ஆழத்தையும் வெளியே குழலின் நீளத்தையும் ஒப்பிட்டு உள்ளே ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதை நீங்கள் செய்ய வேண்டாம். ஒப்படைக்கும்போது பற்றுச்சீட்டு வாங்குங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்து வையுங்கள். பழம்பொருள்போல் தெரிந்தால் தொல்பொருள் திணைக்களத்துக்கும் ஒரு கடிதம் போடுங்கள். நல்ல பொருள் ஒன்று பழைய இரும்போடு போய்விடாமல் இருக்க அந்த ஒரு கடிதம் உதவும்.

கடலில், மண்ணில் கிடைத்தால்?

அதே பதில், இன்னும் அழுத்தமாக. 1942 குண்டுகளும் பிந்திய போரின் கண்ணிகளும் இந்த மாவட்டத்து மண்ணில் விழுந்திருக்கின்றன. கறள் பிடித்த உருண்டை பீரங்கிக் குண்டா வேறேதுமா என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டாம், 119க்கு அழையுங்கள்.

சுழியோடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. இந்தக் கடலில் உடைந்த கப்பல்கள் உண்டு. 1795 ஓகஸ்டில் பிரித்தானியர் திருமலையைப் பிடிக்க வந்தபோது அவர்களின் டயோமீட் என்ற 44 பீரங்கிப் போர்க்கப்பல், வரைபடத்தில் இல்லாத பாறையில் மோதி மூழ்கியது. கடலடியில் கிடக்கும் வார்ப்பிரும்பு உப்பை உறிஞ்சி வைத்திருக்கும். மேலே கொண்டுவந்து காயவிட்டால் தகடு தகடாகக் கழன்று கொஞ்ச நாளில் குப்பையாகிவிடும். அதை மாதக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கில், தொட்டியில் வைத்து உப்பு நீக்க வேண்டும். வீட்டு முற்றத்தில் நடக்கிற வேலை அல்ல. இடத்தைக் குறித்து அறிவித்துவிட்டு அங்கேயே விடுங்கள்.

இடியன் துவக்கு, கட்டுத்துவக்கு சேகரிக்கலாமா?

கூடாது. இடியன் என்பது ஊரில் செய்கிற, வாய்வழி மருந்து இடிக்கிற துவக்கு. கட்டுத்துவக்கு என்பது விலங்கு தட்டினால் வெடிக்கும்படி காட்டில் கட்டி வைக்கிறது. அவை பழம்பொருள் அல்ல, சட்டவிரோதமாக இன்றும் செய்யப்படுகிறவை. காட்டு வழியில் கட்டுத்துவக்கில் கால் இழந்தவர்கள் எங்கள் கிராமங்களிலேயே இருக்கிறார்கள்.

அனுமதியோடு இருக்கும் பழைய துவக்கைப் பளபளப்பாக்கலாமா?

வேண்டவே வேண்டாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கறளோடு முத்திரையும் போய்விடும். வயது தெரிகிற அந்தப் பழுப்பு நிறம் திரும்பி வராது. எங்களுக்குப் பிரச்சினை கடல் காற்று. மெல்லிய துணியில் ஒரு துளி எண்ணெய், இரும்புக்கு மேல் மெழுகுப் பூச்சு, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொதிகள் போதும். வெறுங்கையால் தொடாதீர்கள், வியர்வையில் உள்ள உப்பு விரல் அடையாளமாகவே கறள் பிடிக்கும். தோல் உறைக்குள் போட்டு வைப்பது பலர் செய்கிற பிழை, தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

போலியை எப்படிப் பிடிப்பது?

வி.ஓ.சி. முத்திரை போட்ட சின்னப் பித்தளைப் பீரங்கியை யாராவது காட்டினால் முதலில் சந்தேகப்படுங்கள். அந்த முத்திரை விலையைக் கூட்டும் என்பது வார்ப்பவனுக்கும் தெரியும். வார்ப்பின் கோடு தேயாமல் இருக்கிறதா, எழுத்தின் விளிம்பு மழுங்கியிருக்கிறதா, பழுப்பு குழிகளுக்குள் மட்டும் திட்டமிட்டுப் பூசியதுபோல் இருக்கிறதா என்று பாருங்கள்.

துவக்குகளில் கைபர் கணவாய்ப் பக்கம் கையால் செய்த பிரதிகள் உலகம் முழுக்கப் பிரபலம். ஆங்கிலம் தெரியாத கொல்லர்கள் முத்திரையைப் பார்த்து வெட்டியவை என்பதால் எழுத்து தலைகீழாக இருக்கும், எழுத்துப் பிழை இருக்கும். சிலதில் விக்டோரியாவின் முத்திரைக்குக் கீழே 1901க்குப் பிந்திய ஆண்டு இருக்கும்! அரசி இறந்த ஆண்டு தெரிந்தால் இதைப் பிடித்துவிடலாம். பிரதி என்று தெரிந்து பார்த்தால் அந்தக் கொல்லர்களின் கைவேலையும் சாமானியமல்ல.

ஆவணங்கள் எங்கே கிடைக்கும்?

கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தர் கால ஆவணங்கள் உள்ளன. மிச்சம் ஹேக் நகரில் உள்ள நெதர்லாந்துத் தேசியச் சுவடிக் காப்பகத்தில். பிரித்தானியக் கம்பனியின் தாள்கள் லண்டனில் பிரித்தானிய நூலகத்தில். பழைய ஒல்லாந்த எழுத்து முதலில் கண்ணைக் கட்டும், ஆனால் கோட்டைப் பொருட்பட்டியல்கள் ஒரே சொற்களைத் திரும்பத் திரும்பப் போடுவதால் பிடிபட்டுவிடும். உள்ளூரில் உப்புவெளிப் போர் மயானத்துக் கல்வெட்டுகள் 1940களில் எந்தப் படையணிகள் இங்கே இருந்தன என்பதைக் காட்டும். படையணி தெரிந்தால் ஆயுதமும் தெரியும்.

முப்பது வருடம் போர் பார்த்த ஊரில் துவக்கை ரசிப்பது சரியா?

நியாயமான கேள்வி. துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து போகிறவர்கள் எங்கள் குடும்பங்களில் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் இதைப் பேசுவதில்லை. பிந்திய போரின் ஆயுதங்களை நான் தொடுவதுமில்லை, அவற்றின் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். 1782ஐப் படிப்பது வேறு. யார் எந்தக் கடலைக் கடந்து எதைக் கொண்டுவந்து எங்கள் கரையில் இறக்கினான் என்று தெரிந்துகொள்ளத் துவக்கு ஒரு நல்ல சாட்சி. பிடிக்காதவர்கள் பிடிக்காமலே இருக்கலாம், விளக்கம் கொடுத்து மாற்ற வேண்டிய காரியம் அல்ல.

தொடங்க என்ன வேண்டும்?

அளவு நாடா, சின்ன ரோர்ச், கொப்பி, பென்சில். மங்கிப்போன எழுத்துக்கு ரோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள், நேரே பிடித்தால் எதுவும் தெரியாது. சோக்குக்கட்டி போட்டுத் தேய்க்க வேண்டாம். ஒவ்வொரு படத்திலும் அளவுகோல் ஒன்று விழட்டும். வெயில் ஏற முந்திப் போங்கள், ஒன்பது மணிக்குப் பிறகு அந்தப் பீரங்கிகளில் கை வைக்க முடியாது.